சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு எத்தனை மணி நேரம்? டிக்கெட்டில் இருப்பது பாதிக் கணக்குதான்

டிக்கெட்டைப் பாருங்கள். சாங்கியிலிருந்து இரவு 8 மணிக்குப் புறப்பாடு. சென்னையில் இரவு 9.40க்கு இறக்கம்.

அப்படின்னா 1 மணி 40 நிமிடப் பயணமா?

இப்போது திரும்பி வரும் டிக்கெட். சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பாடு. சாங்கிக்கு மறுநாள் காலை 6 மணிக்கு வருகை. கழித்துப் பார்த்தால் 6 மணி 45 நிமிடம்!

போவதும் வருவதும் ஒரே தூரம்தான். இரண்டு பயணத்திலும் நீங்கள் விமானத்தில் இருக்கப்போவது நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே.

விடுமுறைக்குப் போகும்போது இந்தக் குழப்பம் சிரிப்போடு முடிந்துவிடும். ஆனால் எல்லாப் பயணமும் விடுமுறைப் பயணம் கிடையாது. ஊரில் தாத்தா தவறிவிட்டார் என்று இரவில் அழைப்பு வருகிறது. "நீங்க எத்தனை மணிக்கு வந்து சேருவீங்க? எப்ப எடுக்கிறதுன்னு முடிவு பண்ணணும்" என்று சித்தப்பா கேட்கிறார். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் பதிலை நம்பித்தான் ஒரு வீடே காத்திருக்கும்.

அந்தப் பதிலை எப்படிச் சரியாகக் கணக்குப் போடுவது? தூரத்திலிருந்து ஆரம்பிப்போம்.

உண்மையில் தூரம் எவ்வளவு?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் தமிழ்நாட்டின் நான்கு விமான நிலையங்கள் ஏறக்குறைய இவ்வளவு தூரத்தில் இருக்கின்றன:

• சென்னை - 2,920 கிலோமீட்டர்
• திருச்சி - 2,980 கிலோமீட்டர்
• மதுரை - 3,010 கிலோமீட்டர்
• கோயம்புத்தூர் - 3,160 கிலோமீட்டர்

இணையத்தில் தேடினால் சென்னைக்கு 1,810 என்று ஒரு பக்கம் சொல்லும். 1,580 என்று இன்னொரு பக்கம் சொல்லும். எதுவும் தப்பில்லை. முதலாவது மைல் கணக்கு. இரண்டாவது கடல் மைல் கணக்கு. விமானிகளும் கப்பல் மாலுமிகளும் பயன்படுத்துவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

நேர்க்கோடு என்றால் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போடும் கோடு இல்லை. பூமி உருண்டை. அதன்மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் ஆகக் குறுகிய வழிதான் விமானத் தூரம். சிங்கப்பூர் - நியூயார்க் போன்ற 15,000 கிலோமீட்டரைத் தாண்டும் பயணத்தில் அந்த வழி வரைபடத்தில் பெரிதாக வளைந்து தெரியும். நமக்கும் சென்னைக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. இரண்டு ஊரும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தக் கோடு கிட்டத்தட்ட நேராகவே இருக்கும்.

அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் போனால் மலாக்கா நீரிணை, சுமத்ரா தீவின் வடமுனை, கிரேட் நிக்கோபார் தீவுக்கு அருகே உள்ள கடல், பிறகு வங்காள விரிகுடா. அதற்கப்புறம் சென்னைக் கடற்கரைதான். சன்னலோர இருக்கை கிடைத்தும் பாதி நேரம் கடலை மட்டுமே பார்த்தீர்களா? காரணம் இதுதான்.

விமானங்கள் அந்தக் கோட்டிலேயே அச்சுப் பிசகாமல் பறப்பதில்லை. வானத்திலும் பாதைகள் உண்டு. அவற்றில் பெயர் வைத்த புள்ளிகள் உண்டு. விமானம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு என்று போகும். வழியில் இடிமேகம் இருந்தால் விலகிப் போகும். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் நேர்க்கோட்டைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

இந்தத் தூரத்துக்கு ஏன் நாலு மணி நேரம்?

உயரத்தை எட்டிய பிறகு ஒரு பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 830 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 850 என்று வைத்துக்கொள்வோம். 2,900ஐ 850ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 மணி 25 நிமிடம்.

மிச்ச நேரம் எங்கே போகிறது?

டிக்கெட்டில் இருக்கும் புறப்பாட்டு நேரம் விமானம் தரையை விட்டு எழும்பும் நேரம் இல்லை. கேட்டிலிருந்து நகரத் தொடங்கும் நேரம். வருகை நேரமும் அப்படித்தான். சக்கரம் தரையைத் தொடும் நேரம் இல்லை, விமானம் கேட்டில் வந்து நிற்கும் நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக மேலே ஏறுவது, இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைப்பது, சில நேரம் வானத்தில் ஒரு வட்டம் அடிப்பது எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். சின்னத் தாமதங்களைச் சமாளிக்க விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூடுதலாகவும் சேர்த்து வைக்கும்.

அதனால்தான் சில நேரம் விமானம் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியும் சென்னையில் பத்து நிமிடத் தாமதத்தோடு போய்ச் சேர்கிறது. விமானி பறந்தடித்து ஓட்டியதால் மட்டும் கிடைத்த நேரம் இல்லை அது.

கடிகாரம் ஏன் குழப்புகிறது?

டிக்கெட்டில் புறப்பாட்டு நேரம் புறப்படும் ஊரின் நேரத்தில் இருக்கும். வருகை நேரம் போய்ச்சேரும் ஊரின் நேரத்தில் இருக்கும். சிங்கப்பூர் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னால். வித்தியாசம் இரண்டரை மணி நேரம்.

இந்த ஒரு வரியை மனத்தில் வைத்தால் போதும்:

போகும்போது, கழித்து வரும் நேரத்தோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். வரும்போது, இரண்டரை மணி நேரத்தைக் கழியுங்கள்.

மேலே பார்த்த டிக்கெட்டுக்குப் போட்டுப் பாருங்களேன். போகும்போது 1.40 கூட்டல் 2.30, மொத்தம் 4 மணி 10 நிமிடம். வரும்போது 6.45 கழித்தல் 2.30, மொத்தம் 4 மணி 15 நிமிடம். சரியாக வருகிறதா?

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் "எங்க காலத்துல ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்" என்று சொல்லலாம். அவர்கள் சொல்வதும் சரி. 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியது. மேற்கு மலேசியா நேரத்தை மாற்றியபோது சிங்கப்பூரும் சேர்ந்து மாற்றிக்கொண்டது. இந்திய நேரம் மாறவே இல்லை.

இன்னொரு பொறி, நள்ளிரவு விமானம். டிக்கெட்டில் "ஞாயிறு 12.30" என்று இருக்கிறது. அது நள்ளிரவு 12.30ஆக இருந்தால், சனிக்கிழமை இரவு 9.30க்கே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில் அது 00.30 என்று இருக்கும். அந்த இரண்டு பூஜ்ஜியத்தைப் பார்த்தால் ஒரு நாள் முன்னதாக யோசியுங்கள்.

காற்று உதவுமா, தடுக்குமா?

லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம். திரும்பி வர 7 மணி நேரம் போதும். அங்கே மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் உயர்வளிக் காற்றுதான் காரணம். "அப்படின்னா சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூருக்கு வரும்போதும் சீக்கிரம் வரணுமே?" என்று தோன்றலாம்.

நம் வட்டாரத்தில் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று ஓடுகிறது. அதன் மையத்தில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். வெப்பமண்டலத்தில் இப்படி ஒரு கிழக்குக் காற்று ஓடுவதை இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோடீஸ்வரம் 1958இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். கோடையில் திபெத் பீடபூமி சூடாகிறது. தெற்கே இந்தியப் பெருங்கடல் அவ்வளவு சூடாவதில்லை. அந்த வெப்ப வேறுபாடுதான் காற்றைத் தள்ளுகிறது.

ஆகவே அந்த மாதங்களில் சென்னைக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். வரும்போது முகத்தில் அடிக்கும். வழி முழுவதும் சராசரியாக 50 கிலோமீட்டர் வேகக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது தரைமேல் வேகம் 850இலிருந்து 900 ஆகும். வரும்போது 800 ஆகக் குறையும். பறக்கும் நேரத்தில் ஏறக்குறைய 25 நிமிட வித்தியாசம். விமானம் அதேதான், தூரமும் அதேதான்.

விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் மாறுகின்றன. போன தீபாவளிக்கு இருந்த விமானம் இந்தப் பள்ளி விடுமுறைக்கு அதே நேரத்தில் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

தாத்தா காலத்தில் ஒரு வாரம்

இந்த நாலு மணி நேரத்தின் அருமை தெரிய வேண்டுமானால் கப்பல் காலத்தைக் கேட்க வேண்டும். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர் வந்து போய்க்கொண்டிருந்தது. 1970களில் அந்த இடத்துக்குச் சிதம்பரம் கப்பல் வந்தது. 1985இல் அதில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தச் சேவையும் முடிவுக்கு வந்தது. பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

ஒரு வாரம் என்றால் என்ன அர்த்தம்? ஊரில் ஒருவர் இறந்துவிட்டதாகத் தந்தி வரும். கப்பலில் கிளம்பி அவர் முகத்தைப் பார்க்க முடியாது. காரியத்துக்காவது போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிது. பெற்றோரின் கடைசிப் பயணத்துக்குப் போக முடியாமல் சிராங்கூன் சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அழுத தலைமுறை அது.

விமானம் அப்போதும் இருந்தது. காலாங் விமான நிலையம் 1937இல் திறந்தது. 1955இல் பாய லேபார், 1981இல் சாங்கி. ஆனால் சாதாரணச் சம்பளத்துக்கு விமானக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. இன்று உங்களால் மறுநாளே போய்ச் சேர முடிகிறது. அதனால்தான் ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

சென்னையா, திருச்சியா?

அவசரத்தில் பலர் செய்யும் தவறு இங்கேதான். பட்டியலில் ஆக அருகில் இருப்பது சென்னை. அதனால் சென்னைக்குப் போவதுதான் வேகம் என்று நினைத்துவிடுகிறோம்.

உங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கம் ஒரத்தநாடு என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து திருச்சி, சென்னையைவிட 60 கிலோமீட்டர்தான் தூரம். விமானத்துக்கு அது ஐந்து நிமிடம் கூடக் கிடையாது. ஆனால் தரையில்? திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரத்தநாட்டுக்குக் காரில் ஏறக்குறைய 2 மணி நேரம். சென்னையிலிருந்து போனால் 7 மணி நேரம் ஆகிவிடும். வானத்தில் ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து, சாலையில் ஐந்து மணி நேரத்தை இழப்பீர்கள்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி, மன்னார்குடி பக்கம் எல்லாம் இதே கதைதான். ஈரோடு, திருப்பூர் பக்கம் என்றால் கோயம்புத்தூரைப் பாருங்கள்.

அப்படியானால் எப்போதும் திருச்சிதானா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்த திருச்சி விமானம் காலை 11 மணிக்கு, அடுத்த சென்னை விமானம் காலை 8 மணிக்கு என்றால், சென்னை விமானம் 3 மணி நேரம் முன்னால். சாலையில் அதற்கு 5 மணி நேரம் கூடுதல். ஆகவே காத்திருந்து திருச்சிக்குப் போனாலே முதலில் வீடு சேர்வீர்கள். சென்னை விமானம் முந்தைய இரவே கிளம்புகிறதா? கண்ணை மூடிக்கொண்டு சென்னைக்குப் போங்கள். சுருக்கமாக, முன்னதாகக் கிளம்பும் நேரம் சாலையில் கூடும் நேரத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே சென்னை லாபம்.

கோலாலம்பூர், கொழும்பு வழியாக மாறிப் போகும் விமானங்களும் உண்டு. நேரடி விமானத்தில் இடம் இல்லாதபோது கைகொடுக்கும். அங்கே காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சிராங்கூனிலிருந்து வீட்டு வாசல் வரை

இப்போது முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாமா? சிராங்கூன் சாலைப் பக்கத்திலிருந்து கிளம்பி, திருச்சி வழியாக ஒரத்தநாட்டுக்கு.

• வீட்டிலிருந்து சாங்கி: 1 மணி நேரம்
• பெட்டி கொடுப்பது, சோதனை, கேட்டுக்குப் போவது: இரண்டரை மணி நேரம்
• விமானம்: 4 மணி 15 நிமிடம்
• குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது: 1 மணி நேரம்
• சாலை: 2 மணி நேரம்

மொத்தம் ஏறக்குறைய 11 மணி நேரம். சென்னை வழியாகப் போனால் அதே கணக்கு 16 மணி நேரத்தைத் தொடும். இரண்டிலுமே விமானம் எடுத்துக்கொள்வது நாலேகால் மணி நேரம்தான்.

சாங்கிக்கு எம்ஆர்டியில் போவதாக இருந்தால், லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் ஏறி எக்ஸ்போவில் மாறுங்கள். அடுத்த நிலையமே விமான நிலையம். அதிகாலை விமானமாக இருந்தால் ரயில் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டினால் டாக்சிதான். பெட்டி கொடுக்கும் முகப்பு பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடத்துக்கு முன் மூடிவிடும். கையில் ஒரு பை மட்டும் எடுத்துக்கொண்டு, இணையத்திலேயே செக்-இன் செய்துவிட்டால் இரண்டு பக்கமும் நேரம் மிச்சமாகும்.

விமானத்தைவிடப் பெரிய தடை

அவசரப் பயணத்தில் பல இளையர்களை நிறுத்திவைப்பது தூரமும் கிடையாது, நேரமும் கிடையாது. விசாதான்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்தியா போக விசா தேவை. அப்பா அம்மா இந்தியக் கடப்பிதழோடு உடனே கிளம்பிவிடலாம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது முடியாமல் போகலாம். மின்-விசாவுக்கு வழக்கமாகப் பயணத்துக்குக் குறைந்தது 4 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 11 மணி நேரப் பயணத்துக்கு முன்னால் 4 நாள்! உடனே போக வேண்டிய நிலை என்றால் இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொண்டு நிலைமையைச் சொல்லுங்கள்.

அதைவிட நல்ல வழி, தேவைப்படும் முன்பே தயாராக இருப்பது. ஊரில் வயதானவர்கள் இருந்தால் நீண்டகால மின்-விசா எடுத்து வைக்கலாம். சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் மூன்றிலும் மின்-விசாவோடு இறங்கலாம். தகுதி இருந்தால் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை இருந்தால் விசா வேண்டியதில்லை. கடப்பிதழ் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாகுமா என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் இங்கே திரும்பி வருவதற்கான அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

"எட்டு மணி ஃபிளைட், நாலு மணி நேரம்" என்று மட்டும் சொன்னால், ஊரில் இருப்பவர்கள் இரவு 12 மணிக்கே வாசலைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அந்த எட்டு மணி நம் நேரம். அந்த நாலு மணி நேரம் விமானத்துக்கு மட்டும்.

மாலை 4.30க்குச் சிராங்கூனில் வீட்டைவிட்டுக் கிளம்பி, இரவு 8 மணிக்குத் திருச்சி விமானத்தில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 11 மணி நேரம் கழித்து நம் கடிகாரத்தில் அதிகாலை 3.30. அதில் இரண்டரையைக் கழித்தால் ஊர் நேரப்படி இரவு 1 மணி.

ஆகவே, கிளம்பும் நேரத்தைச் சொல்லாதீர்கள். வீட்டு வாசலுக்கு வந்து சேரும் நேரத்தை, ஊர்க் கணக்கில் சொல்லுங்கள். கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள்: "இந்திய நேரம் ராத்திரி ரெண்டு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடுவோம் சித்தப்பா. திருச்சியில இறங்கினதும் கூப்பிடுறேன்."

மற்ற ஏற்பாட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.